மூன்றாவது ராடு

ஜூலை 10, திங்கள்

பிலோமினா டீச்சரின் ஃபியட் கார் இன்று பட்டறைக்கு வந்தது. தானாக வரவில்லை, கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். ஆயில் அழுத்தம் இல்லை, நீலப் புகை, அடியில் ஒரு தட்டுச் சத்தம். எஞ்சினை முழுக்கப் பிரித்துத்தான் கட்டவேண்டும். டீச்சர் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், அறுபத்தெட்டு வயது. ஆகஸ்ட் 29 வேளாங்கண்ணியில் கொடியேற்றமாம். வீட்டுக்காரர் இருந்தவரை வருஷா வருஷம் இந்த வண்டியில்தான் போனார்களாம். இந்தத் தடவை தானே ஓட்டிக்கொண்டு போகப்போகிறாராம்.

"புது எஞ்சின் மாதிரி எல்லாம் வேண்டாம். நடுவழியில என்னை நிறுத்தாம இருந்தாப் போதும்" என்றார்.

சரிங்க டீச்சர் என்றேன்.

மதியம் மரகதம் போன் செய்தாள். என் தங்கை. ஒன்பது வருஷத்தில் அவளாகக் கூப்பிட்டது மூன்று தடவை. இரண்டு சாவுச் செய்தி, ஒன்று அவள் மகள் பெரியவளான செய்தி. அவள் வீட்டுக்காரர் ஆறுச்சாமி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஜெனரேட்டர் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பெனியை மூடிவிட்டார்களாம். இரண்டு மாதமாக சூலூரில் வீட்டோடு இருக்கிறாராம். பட்டறையில் ஏதாவது வேலை இருந்தால் கூப்பிடச் சொன்னாள். தான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னாள்.

ஜூலை 11, செவ்வாய்

கூப்பிட்டேன். ஃபியட் எஞ்சின் ஒன்று வந்திருக்கிறது, எனக்கு ஒரு கை குறைகிறது என்றேன். நாளைக்கு வருகிறேன் என்றார். நன்றி வேறு சொன்னார்.

ஜூலை 12, புதன்

ஒன்பது மணிக்கு வரச் சொன்னால் எட்டரைக்கே எதிர் பேக்கரி வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் ஷட்டரைத் தூக்கும்வரை இந்தப் பக்கம் வரவில்லை. என்னைவிட நாலு வயது சின்னவர். தலை முழுக்க நரைத்துவிட்டது.

"வாங்க மாப்பிள்ளை."

"வந்துட்டனுங்க மச்சான்."

சுவர்ப் பலகையிலிருந்து ஸ்பேனர்களை எடுத்துக் கொடுத்தேன். எது எங்கே தொங்கும் என்பது அவருக்கு இன்னும் நினைவிருந்தது.

பதினாறு வருஷம் இந்தப் பட்டறையை இருவரும் சேர்ந்து நடத்தினோம். எஞ்சினுக்குள் ஓடும் ராடுகளை எடை போட்டுச் சமன்செய்வது என் வேலை. எஞ்சினைப் பூட்டி, நட்டுகளை அளவாக முடுக்குவது அவர் வேலை. அப்புறம் பர்லியாறு விபத்து நடந்தது. நாங்கள் கட்டிக்கொடுத்த டூரிஸ்ட் கார் குன்னூர் மலை ஏறும்போது ஒரு ராடு அறுந்து, எஞ்சின் சுவரைப் பொத்துக்கொண்டு வெளியே வந்தது. வண்டி பின்னால் வழுக்கிப் பாறையில் இடித்தது. டிரைவர் கரீமுக்கு வலது கால் முட்டிக்குக் கீழே போய்விட்டது. நட்டு லூசானதுதான் காரணம் என்று ஆயிற்று. அதோடு ஆறுச்சாமி பட்டறையை விட்டார்.

பழசை எழுதி என்ன ஆகப்போகிறது. இன்று எஞ்சினை இறக்கியாயிற்று.

ஜூலை 13, வியாழன்

பிரித்தோம். கிராங்க் தண்டு தேய்ந்திருக்கிறது, கடைசல் பட்டறைக்கு அனுப்பினேன். ராடுகள் நான்கையும் மண்ணெண்ணெயில் கழுவினார். ஒவ்வொரு ராடையும் அதன் அடி மூடியோடு சேர்த்து, எண் மாறாமல், நூலால் கட்டி வைத்தார். முன்பும் அப்படித்தான் செய்வார்.

சாப்பாட்டுக்கு மரகதம் கொடுத்தனுப்பிய கொள்ளுப்பருப்பில் எனக்கும் பங்கு இருந்தது.

ஜூலை 15, சனி

ஒன்று கவனித்தேன். ராடின் பெரிய வளையத்தின் விட்டத்தை அளப்பதற்காக மூடியைப் போட்டு நட்டுகளை முடுக்கினார். அளவு வந்ததும் டார்க் ரெஞ்ச் சொடுக்கியது. திரும்பத் தளர்த்தினார். மறுபடி முடுக்கினார். மறுபடியும். மூன்றாவது தடவை முடித்துவிட்டு என்னிடம் ரெஞ்சை நீட்டினார்.

"நீங்க ஒருக்காப் பாத்துருங்க மச்சான்."

சரியாகத்தான் இருந்தது. எட்டு நட்டுக்கும் அப்படியே. வெறும் அளவுக்காகப் போட்ட நட்டு, கழற்றப்போகிற நட்டு. அந்தக் காலத்தில் இவர் கண்ணை மூடிக்கொண்டு முடுக்குவார், ஒரு எண் பிசகாது. ஆறுச்சாமி கை பட்டால் வண்டி முனகாது என்று டாக்சி ஸ்டாண்டில் பேசிக்கொள்வார்கள்.

வேலை விட்டு வருஷக்கணக்காகிவிட்டது, அதனால் இருக்கும்.

ஜூலை 17, திங்கள்

ஆடி ஒன்று. காற்று ஆரம்பித்துவிட்டது. பட்டறைக்குள் ஒரே புழுதி. தராசுக்கு நாலு பக்கமும் அட்டை வைத்து மறைத்தேன்.

எடை: ஒன்றாவது ராடு 584 கிராம். இரண்டாவது 587. மூன்றாவது 586. நான்காவது 597.

நான்காவது இந்த எஞ்சினோடு பிறந்ததில்லை. முன்பு யாரோ வேறு வண்டியிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறார்கள். பதின்மூன்று கிராம் அதிகம்.

ஜூலை 18, செவ்வாய்

டீச்சர் வந்தார். வண்டியைப் பார்க்க வந்தவருக்கு மேசை மேல் நாலு இரும்புத் துண்டைக் காட்டினோம். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். எனக்கு விளக்கத் தெரியாது. ஆறுச்சாமி பொறுமையாகச் சொன்னார். பிஸ்டனையும் கிராங்கையும் இணைப்பது இந்த ராடு. நாலும் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை மேலும் கீழும் போகும். ஒன்று கனமாக இருந்தால் எஞ்சின் அந்தப் பக்கம் உதறும். அதனால் இருப்பதில் லேசானதைக் கணக்கில் வைத்து மற்றதைத் தேய்த்து அதன் எடைக்குக் கொண்டுவரவேண்டும்.

"மொத்த எடை சரியானாப் போதுமா?" என்று கேட்டார் டீச்சர். விவரமான கேள்வி.

போதாது என்று ஆறுச்சாமி ஒரு முனையை ஊசியில் தொங்கவிட்டு மறுமுனையைத் தராசில் வைத்துக் காட்டினார். பெரிய வளையம் பெரிய வளையத்தோடு ஒக்கவேண்டும், சின்னது சின்னதோடு. தேய்ப்பதற்கென்றே மூடியின் அடியிலும் உச்சியிலும் கொஞ்சம் சதை விட்டிருப்பார்கள். அங்கேதான் கை வைக்கவேண்டும். வேறு இடத்தில் வைத்தால் அங்கே கீறல் விழுந்து ஒருநாள் அறுந்துவிடும்.

அவர் இதை என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. டீச்சரைப் பார்த்துத்தான் சொன்னார்.

பிறகு டீச்சர் கேட்காமலே அவராகச் சொன்னார்: "என் கையால ஒரு எஞ்சின் போயிருக்குதுங்க டீச்சர். நட்டு சரியா முடுக்கல. ஒருத்தருக்குக் காலு போச்சு. தெரிஞ்சுக்கிட்டு வண்டியக் குடுங்க."

டீச்சர் அவர் கையைப் பார்த்தார். "இப்படிச் சொல்றவர் கையில குடுக்க எனக்குப் பயமில்ல" என்றார்.

நான் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 19, புதன்

அவர் பேரை நான் எங்கேயும் சொன்னதில்லை. இதை எழுதி வைக்கவேண்டும். டூரிஸ்ட் காரின் முதலாளி வந்து கேட்டபோது, நட்டு லூசாகியிருக்கலாம் என்று சொன்னேன். அவ்வளவுதான். ஆறுச்சாமி சரியாக முடுக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டவர்கள் அவர்களாகப் புரிந்துகொண்டார்கள்.

ஜூலை 21, வெள்ளி

இரண்டாவதும் மூன்றாவதும் 584-க்கு வந்துவிட்டன. எமரித் தாளை நீளவாக்கில் ஓட்டி, தேய்த்த தடம் தெரியாமல் மெருகு போட்டேன். நான்காவதுக்கு வந்ததும் வேலை நின்றது. இருக்கிற சதையை எல்லாம் எடுத்தாயிற்று. எட்டு கிராம்தான் குறைந்தது. இன்னும் ஐந்து.

"மீதி அஞ்சு கிராம எங்கீங்க எடுக்கறது?" என்றார் ஆறுச்சாமி.

சாதாரணமாகத்தான் கேட்டார். நான் கிரைண்டர் ஸ்விட்சை அணைத்துவிட்டு, தலை சுற்றுகிறது, சர்க்கரை இறங்கிவிட்டது போல என்றேன். பேக்கரிக்கு ஓடிப்போய் டீயும் தேங்காய் பன்னும் வாங்கி வந்தார். நான் தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

ஜூலை 22, சனி

காலையில் இரண்டு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன்.

ஜூலை 24, திங்கள்

உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் வேறு ராடு தேடினோம். காலை பத்து மணிக்குப் போய் மூன்று மணி வரை. நான் கைத்தராசு எடுத்துப் போயிருந்தேன். ஏழாவது கடையில் 588 கிராமில் ஒன்று கிடைத்தது. வளைவு இல்லை, கீறல் இல்லை, சதையும் மீதம் இருந்தது. ஆறுச்சாமிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

திரும்பும்போது பஸ்ஸில் பேசிக்கொண்டே வந்தார். ஒன்பது வருஷத்தில் அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அந்த டூரிஸ்ட் கார் எஞ்சினைப் பூட்டிய நாளைப் பற்றிச் சொன்னார். மூன்றாவது ராடை முடுக்கும்போது மரகதத்திடமிருந்து போன் வந்ததாம், மகளுக்குக் காய்ச்சல் என்று. பேசிவிட்டு வந்து தொடர்ந்தாராம். விட்ட இடத்திலிருந்துதான் தொடர்ந்தோமா, ஒரு நட்டைத் தாண்டிவிட்டோமா என்பது இன்றுவரை தெரியவில்லையாம்.

"முடுக்கின மாதிரியேதான் இருக்குது மச்சான். கைக்கு நெனவிருக்குது. ஆனா கழண்டு கெடந்தத நானே கண்ணுல பாத்தனே. அப்பறம் என்ற கைய நானே எப்படி நம்பறது?"

பிறகு அவர் வீட்டுக் கேஸ் சிலிண்டரைக்கூட மரகதம்தான் மாட்டுகிறாள் என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார்.

சிங்காநல்லூரில் இறங்கவேண்டியவன் இரண்டு ஸ்டாப் தள்ளி இறங்கினேன்.

ஜூலை 25, செவ்வாய்

கிழித்ததைத் திரும்ப எழுதுகிறேன். இந்தத் தடவை கிழிக்கக் கூடாது.

அந்த டூரிஸ்ட் கார் எஞ்சினில் மூன்றாவது ராடு ஆறு கிராம் அதிகம். முன்பே யாரோ தேய்த்த ராடு, சதை இல்லை. வேறு ராடு தேடவேண்டும். மறுநாள் என் பெரிய மகளுக்கு நிச்சயதார்த்தம். முதலாளி காலையில் வண்டி வேண்டும் என்று நின்றார். நான் ராடின் கழுத்தில், பெரிய வளையத்துக்கு மேலே, கிரைண்டரைக் குறுக்கே வைத்து ஆறு கிராமையும் எடுத்தேன். மெருகுகூடப் போடவில்லை. பத்து நிமிஷ வேலை. எடை மிகச் சரியாக வந்தது. ஆறுச்சாமியிடம் கொடுத்தபோது நாலும் ஒரே எடை என்று பெருமையாகச் சொன்னேன்.

அறுந்தது அந்தக் கழுத்தில்தான். முறிந்த முகத்தில் என் கிரைண்டர் தடத்திலிருந்து ஆரம்பித்துப் பிறைபோல ஒரு கறுப்பு. அதுவரை மெதுவாகக் கீறல் ஓடியிருக்கிறது. மீதி வெள்ளையாக, ஒரே அடியில் முறிந்தது. படித்தவன் படிக்காதவன் யார் பார்த்தாலும் தெரியும்.

யாரும் பார்க்கவில்லை. அந்தத் துண்டை அன்றே பழைய இரும்போடு போட்டு அனுப்பினேன். ஏதோ ஒரு வார்ப்பு ஆலையில் உருகி, யாருடைய கிணற்றிலோ மோட்டாராக ஓடிக்கொண்டிருக்கும்.

ஜூலை 26, புதன்

நாளை சொல்லிவிடுவேன். ராடைக் குறுக்கே தேய்த்தது என் தப்பு, அதனால்தான் அறுந்தது என்று. அதுவரை சொன்னால் போதும்.

ஜூலை 27, வியாழன்

சாப்பிட்டுக் கை கழுவியதும் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். ராடைத் தேய்த்தது, இடம், தடம், எல்லாம்.

அவர் கத்துவார் என்று நினைத்திருந்தேன். கத்தவில்லை. மேசை மேல் இருந்த புது ராடை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"எந்த எடம்? காட்டுங்க."

காட்டினேன். விரலால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இங்க அறுந்தா, கீழ மூடி, நட்டு எல்லாம் கிராங்கோடயே அல்ல இருக்கும்?"

"ஆமாங்க."

"ஆனா நட்டு ரெண்டும் கழண்டு ஆயில் தொட்டியில கெடந்துச்சே மச்சான். நான் கரீமப் பாத்துட்டு ஆஸ்பத்திரியில இருந்து வந்தப்ப நீங்கதானே காட்டினீங்க?"

இதை நான் முந்தாநாள் எழுதவில்லை. ஒன்பது வருஷத்தில் எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டதில்லை.

"நான்தான் கழட்டிப் போட்டேன்" என்றேன். "நீங்க வர்றதுக்கு முன்னாடி."

"எறுக்கமா இருந்துச்சா?"

"ஆமா. ரெண்டு கையும் போட்டுத்தான் கழட்ட முடிஞ்சது. நீங்க முடுக்குனது முடுக்குன மாதிரியே இருந்துச்சு மாப்பிள்ளை."

புது ராடை மேசை மேல் வைத்தார். சத்தம் வராமல் வைத்தார். சட்டையை மாற்றிக்கொண்டு, சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மணி இரண்டு பத்து. நான் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளேயே இருந்தேன்.

ஏன் செய்தேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பயம் என்று சொல்லியிருப்பேன். மகளின் கல்யாணம், பட்டறையின் பேர், போலீஸ். அதெல்லாம் உண்மைதான். முழு உண்மை இல்லை. பதினாறு வருஷம் பட்டறைக்கு என் பேர், ஆனால் வந்தவர்கள் எல்லாம் ஆறுச்சாமி இருக்கிறாரா என்றுதான் கேட்டார்கள். அந்த நட்டுகளைத் தளர்த்தும்போது அதுவும் என் கையில் இருந்தது.

ஊரார் முன்னால் அவர் மேல் ஒரு பழி போட்டேன் என்றுதான் இத்தனை நாள் கணக்கு வைத்திருந்தேன். அவர் அதை நம்பியிருப்பார் என்று நினைக்கவே இல்லை.

ஜூலை 28, வெள்ளி

வரவில்லை.

ஜூலை 29, சனி

வரவில்லை. மரகதமும் கூப்பிடவில்லை. என் மனைவி கோகிலா, மாப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். அவளிடம் சொன்னேன். அடுப்பைக் குறைத்துவிட்டுக் கேட்டாள். முடிந்ததும் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். "நம்ம புள்ள நிச்சயத்துல பந்தி பூரா ஓடி ஓடிப் பரிமாறினாரே அந்த மனுசன்" என்றாள். விபத்து நடந்து ஒன்பது வருஷம் கழித்து இப்போதுதான் எனக்கும் அது ஞாபகம் வந்தது.

ஜூலை 31, திங்கள்

எட்டரைக்கு வந்தார். பேக்கரி வாசலில் நிற்காமல் நேரே உள்ளே வந்தார்.

இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, டீச்சரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறோம், எஞ்சினை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போவார். இரண்டு, அது முடிந்ததும் காரமடைக்குப் போய்க் கரீமிடம் நான் சொல்லவேண்டும்.

"நான் சொல்ல மாட்டேன். நீங்க உங்க வாயால சொல்லோணும். நான் கூட வர்றேன்."

சரி என்றேன்.

நான்காவது ராடை 584-க்குக் கொண்டுவந்தேன். இரண்டு முனையும் தனித்தனியாகச் சரி. மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். அவர் ராடை வாங்கிப்போய் வாசல் வெளிச்சத்தில் கழுத்து, தோள், விளிம்பு எல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பதினாறு வருஷத்தில் ஒருமுறைகூட என் வேலையை அவர் சோதித்ததில்லை.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

கிராங்க் வந்தது. பேரிங் போட்டு உட்கார வைத்தார். ராடுகளை ஒவ்வொன்றாக இறக்கினார். நட்டு ஒவ்வொன்றையும் ஒரே தடவை முடுக்கினார். ரெஞ்ச் சொடுக்கியதும் அடுத்ததுக்குப் போனார். என்னிடம் நீட்டவில்லை. எட்டும் முடிந்ததும் கிராங்கைக் கையால் சுற்றிப் பார்த்தார். வெண்ணெயில் சுற்றுவதுபோல் சுற்றியது.

அப்போது அவர் முகத்தைப் பார்க்கவேண்டும் என்றிருந்தது. பார்க்கவில்லை. அது எனக்கு உரியது இல்லை.

ஆகஸ்ட் 3, வியாழன்

ஆடிப்பெருக்கு. பட்டறை லீவு. மரகதம் முன்பெல்லாம் இந்த நாளில் பேரூருக்கு எங்களோடு வருவாள். வீட்டிலேயே இருந்தேன்.

ஆகஸ்ட் 5, சனி

எஞ்சின் ஓடியது. முதல் சாவியிலேயே பிடித்தது. உதறல் இல்லை. எஞ்சினின் மேல்மூடியில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தேன், மேலே லேசான சுருக்கம் மட்டும். டீச்சரைக் கூப்பிட்டுச் சொன்னேன். ஆறுச்சாமிக்கு ஒரு கும்பிடு சொல்லச் சொன்னார். சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார்.

தன் சாப்பாட்டுத் தூக்கு, துண்டு, பழைய சட்டை எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டார். நாளை காலை ஒன்பதரைக்கு மேட்டுப்பாளையம் ரோடு பஸ் ஸ்டாண்டில் இருக்கச் சொன்னார்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

காரமடைத் தேர்வீதிக்குப் பின்னால் கரீமுக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. ஒன்பது வருஷத்தில் நான் அங்கே போனது இதுதான் முதல் தடவை. ஆறுச்சாமிக்கு வழி கேட்கவேண்டியிருக்கவில்லை.

"வாங்கண்ணா, என்ன இந்த மாசத்துல?" என்றார் கரீம். செயற்கைக் காலோடு எழுந்து வந்து ஸ்டூலைத் தட்டிப் போட்டார். பேச்சிலிருந்துதான் எனக்குத் தெரிந்தது. ஆறுச்சாமி ஒவ்வொரு வருஷமும் விபத்து நடந்த தேதிக்கு அங்கே போய்க்கொண்டிருந்திருக்கிறார். மன்னிப்புக் கேட்க.

என்னை அடையாளம் கண்டு கரீம் கையைப் பிடித்துக்கொண்டார். விபத்து நடந்த வாரம் ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிப் போனேன், அதை அவர் மறக்கவில்லை. உங்களை மாதிரி ஆள் அன்றைக்கு வந்து பார்த்தது பெரிய தெம்பு என்றார்.

கையை விடுவித்துக்கொண்டு சொன்னேன். பர்லியாறு, மூன்றாவது ராடு, கழுத்தில் தேய்த்தது, நட்டுகளைக் கழற்றிப் போட்டது. எதையும் விடவில்லை. நடுவில் ஒரு பெண் ஆதார் கார்டை நகல் எடுக்க வந்தாள். கரீம் எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டு, சொல்லுங்க என்றார். மீதியையும் சொன்னேன்.

கரீம் என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர் என் பக்கமே திரும்பவில்லை. ஆறுச்சாமியைப் பார்த்து அவர் குரல் உடைந்தது.

"அண்ணா, நாலு வருசம் உங்கள வாசல்ல நிக்க வெச்சே அனுப்பினேனே. மழையில ஒருக்கா நின்னீங்க. உள்ள வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லலியே நான்."

"அத விடுங்க பாய்."

"எம் பையன்கிட்டச் சொல்லி வெச்சிருக்கேனே. எங்காலு போனதுக்கு இவருதான்னு உங்களக் காட்டிச் சொல்லி வெச்சிருக்கேனே. அத எப்படிண்ணா திருப்பி எடுக்கறது?"

ஆறுச்சாமி ஸ்டூலிலிருந்து எழுந்து போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். இருவரும் அழுதார்கள். செய்யாத ஒன்றுக்கு ஒருவர் ஒன்பது வருஷம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார், இன்னொருவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். இப்போது கரீம் அவரிடம் கேட்கிறார். நான் ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் நின்றிருந்தேன். உட்காரச் சொல்ல அங்கே யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் உட்காரத் தோன்றவில்லை.

கொஞ்சம் கழித்துக் கரீம் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நீங்க போலாங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

ஆறுச்சாமி என்னோடு வரவில்லை. மதியம் அங்கேயே சாப்பிடப்போவதாகப் பேசிக்கொண்டார்கள். நான் தனியாக பஸ் ஏறினேன்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

டாக்சி ஸ்டாண்டுக்குப் போனேன். பழைய டிரைவர்கள் மூன்று பேர்தான் மீதி. அவர்களிடமும் சொன்னேன். ஒருவர் நம்பவில்லை, ஆறுச்சாமியைக் காப்பாற்றுவதற்காக நான் பழியை என் மேல் போட்டுக்கொள்கிறேன் என்கிறார். பெரிய மனசு உங்களுக்கு என்றார். இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய்த் திரும்பினேன்.

ஆகஸ்ட் 14, திங்கள்

டீச்சர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அதற்குமுன் அவரிடமும் சொன்னேன். அன்றைக்கு ஆறுச்சாமி உங்களிடம் சொன்னது அவர் செய்த தப்பு இல்லை, என்னுடையது என்று. ஸ்டியரிங்கில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு நீங்க தராசு துடைச்சுட்டு இருந்தீங்க, இல்ல?" என்றார்.

ஆமாங்க என்றேன். கியரைப் போட்டுக் கிளம்பிவிட்டார்.

ஆகஸ்ட் 17, வியாழன்

கோகிலா சூலூர் போய் வந்தாள். நான் வரவேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். மரகதமும் மகளும் நன்றாகத்தான் பேசினார்களாம், என்னைப் பற்றி மட்டும் பேசவில்லையாம். ஆறுச்சாமி வீட்டில் இல்லையாம். இருகூரில் ஒரு எஞ்சின் பட்டறையில் சேர்ந்துவிட்டாராம். பூட்டுகிற வேலை.

ஆகஸ்ட் 21, திங்கள்

காலையில் பட்டறையைக் கூட்டிக்கொண்டிருந்தபோது மரகதம் போன் செய்தாள். நான் பேச ஆரம்பித்ததும், தான் சொல்வதைக் கேட்கச் சொல்லி நிறுத்தினாள்.

"அவரு ரெண்டு வாரமா நல்லாத் தூங்கறாருங்கண்ணா. கல்யாணமான புதுசுல தூங்கின மாதிரி. ஒம்பது வருசமாத் தூக்கத்துல அவர் கை எதையோ முடுக்கிட்டே இருக்கும். நான் புடிச்சுட்டுப் படுத்திருப்பேன். இப்ப இல்ல. அத உங்ககிட்டச் சொல்லோணும்னு இருந்துச்சு."

சரி கண்ணு என்றேன்.

"இனிமே நான் கூப்புட மாட்டேன்" என்றாள். அழவில்லை. போனை வைத்துவிட்டாள்.

பாதி கூட்டிய பட்டறையை முழுக்கக் கூட்டி முடித்தேன்.